மூணு தடவை வந்த இரங்கல்

இந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கட்டுமாம்மா? காத்து மூஞ்சியில அறையுது. நீங்களும் மதுரைக்கா? நல்லதாப் போச்சு. நான் அங்க இறங்கி ரயிலைப் பிடிக்கணும், மெட்ராசுக்கு.

இல்ல, தூத்துக்குடியில சொந்தக்காரங்க யாரும் கிடையாது. ஆபீஸ் வேலையா வந்தேன். ஆபீஸ் வேலைன்னா... மன்னிப்புக் கேக்கற வேலை. சிரிக்காதீங்க, நிஜமாத்தான். டிக்கெட் போட்டுக் குடுத்து, போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க குணவதி மேடம்னு அனுப்பி வெச்சாங்க.

கேட்டாச்சு. கேட்டுட்டுதான் திரும்பறேன். கேக்காமலே இருந்திருக்கலாம்னு இப்பத் தோணுது.

ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி. பேரு வேண்டாமே. நான் கல்யாணம் ஆன புதுசுல அங்க சேர்ந்தேன், இப்ப என் பொண்ணுக்கே கல்யாணமாயிடுச்சு. மெயின்ஃப்ரேம்னு ஒரு பெரிய மெஷின். அதுக்கு ப்ரோக்ராம் எழுதறதுதான் என் வேலை. இப்பத்த பிள்ளைங்க அதைப் பார்த்ததுகூட இருக்காது. என் பொண்ணே, "அதெல்லாம் இன்னுமா ஓடுது?"ன்னு கேக்குது. ஓடுதும்மா. நீங்க பாலிசி போட்டிருந்தா உங்க கணக்கும் அதுலதான் ஓடும்.

எங்க வேலை எப்படின்னா, இட்லி மாதிரி. ஒவ்வொண்ணா வேகவைக்க மாட்டோம் இல்லையா? தட்டு நிறைய ஊத்தி மூடி வெச்சிருவோம். அதுபோல அன்னன்னிக்குக் கிளைகள்லேர்ந்து வர்றதையெல்லாம் சேர்த்து ஒரே ஓட்டமா ஓட்டுவோம். பேட்ச்னு பேரு. பாதியில அடுப்பு அணைஞ்சா என்ன பண்ணுவோம்? வெந்ததும் வேகாததுமா இருக்கறதைக் கொட்டிட்டு, மறுபடி முதல்லேர்ந்து ஊத்துவோம். அதேதான். ஓட்டம் பாதியில நின்னா, பழைய ஃபைலை எடுத்துப் பழையபடி வெச்சுட்டு முதல்லேர்ந்து ஓட்டுவோம். வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாம் நாலு சுவத்துக்குள்ள. எத்தனை தடவை ஓட்டினாலும் கடைசியில வர்றது ஒண்ணுதான். நான் அதுல கெட்டிக்காரிம்மா. சும்மா சொல்லல. எங்க ஓட்டம் நின்னுச்சுன்னா வீட்டுக்குக் கார் அனுப்பிக் கூட்டிட்டுப் போவாங்க.

போன வருஷம் மேல புதுசா ஒரு யோசனை வந்துச்சு. ஒருத்தர் இறந்துட்டார்னு கிளையில பதிவானதும், அவங்க குடும்பத்துக்கு உடனே நம்மகிட்டேர்ந்து ஒரு இரங்கல் மெசேஜ் போகணும்னு. "திரு. இன்னார் அவர்களின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். இன்னின்ன காகிதங்களோடு கிளைக்கு வாருங்கள்." நல்ல எண்ணம்தான். துக்கத்துல இருக்கறவங்க அலையக் கூடாது இல்லையா?

ஆனா எங்க மெஷினுக்கு மெசேஜ் அனுப்பத் தெரியாது. அதுக்கு வெளியில ஒரு கம்பெனி இருக்கு. அவங்க ஒரு வெப் சர்வீஸ் வெச்சிருக்காங்க. நம்ம ப்ரோக்ராம் அங்க போய், "இந்த நம்பருக்கு இந்தச் சேதி"ன்னு குடுத்தா, அவங்க அனுப்பிட்டு, "அனுப்பிட்டோம்"னு பதில் சொல்லுவாங்க. சொல்லுவாங்கன்னு சொன்னேன் பாருங்க, சில சமயம் அனுப்பிட்டுப் பதில் சொல்ல மாட்டாங்க. லைன் போயிடும். அவங்க பக்கம் நெரிசலா இருக்கும். அங்கதான் எல்லாம்.

அவங்க பக்கம் நிவேதன்னு ஒரு பையன். பையன்னா, நல்ல வேலையில இருக்கறவன், மீசை வெச்சவன். மீட்டிங்ல சொன்னான், "மேடம், ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு தனி எண் போட்டு அனுப்புங்க. அதே எண் மறுபடி வந்தா நாங்க ஏற்கெனவே போனதுன்னு தடுத்துருவோம். உங்க ஓட்டத்தைத் திரும்ப ஓட்டினாலும் ஆபத்தில்ல."

எனக்குச் சுருக்குன்னுச்சு. எனக்கு வந்து ஓட்டம் சொல்லிக்குடுக்கறியான்னு. "எங்க பேட்ச் திரும்ப ஓட்டறதுக்குன்னே எழுதினதுப்பா, நீ உன் பக்கத்தைப் பார்த்துக்கோ"ன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். பாவம், நல்ல பிள்ளை.

இப்ப தூத்துக்குடிக் கதைக்கு வர்றேன். தூத்துக்குடிக் கிளையில ஒரு இறப்பைப் பதியும்போது பாலிசி நம்பர்ல ஒரு எண்ணைத் தப்பா அடிச்சுட்டாங்க. செத்தவர் ஒருத்தர், பதிவானவர் இன்னொருத்தர். அந்த இன்னொருத்தர் பேரு சவரிமுத்து. தோணியில வேலை. இங்கேர்ந்து மாலத்தீவுக்குக் காய்கறி, சிமெண்டு, செங்கல் ஏத்திக்கிட்டுத் தோணி போகுமாம், எனக்கே இப்பத்தான் தெரியும். அன்னிக்கு அவர் நடுக்கடல்ல இருக்கார். போன் எட்டாது. வீட்டுல சம்சாரம், ரெஜினா. சவரிமுத்துவோட அம்மா. பிள்ளை இல்ல.

காலையில எங்க ஓட்டம் ஆரம்பிச்சுது. ரெஜினா போனுக்கு மெசேஜ் போச்சு. "திரு. சவரிமுத்து அவர்களின் மறைவுக்கு..." அவ பதறிப்போய்க் கிளைக்கு ஓடியிருக்கா. கிளையில பார்த்துட்டு, "ஐயையோ, தப்பும்மா, நம்பர் மாறிப்போச்சு, உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமில்ல"ன்னு தண்ணி குடுத்து அனுப்பி வெச்சிருக்காங்க. பதிவையும் நீக்கிட்டாங்க. அத்தோட முடிஞ்சிருக்கணும்.

முடியல. ஏன்னா எங்க ஓட்டம் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால நின்னுபோச்சு. அந்தப் பக்கத்துலேர்ந்து பதில் வரல. நான் என்ன பண்ணினேன்? எப்பவும் பண்றதைப் பண்ணினேன். காலையில வந்த ஃபைலைப் பழையபடி வெச்சேன். கிளையில திருத்தினது அடுத்த நாள் ஃபைல்லதான் வரும், இதுல சவரிமுத்து செத்தவராத்தான் இருக்கார். முதல்லேர்ந்து ஓட்டினேன். மத்தியானம் மறுபடி போச்சு. மறுபடி கடைசியில நின்னுச்சு. சாயங்காலம் மூணாவது தடவை ஓட்டினேன். அது ஒழுங்கா முடிஞ்சுது. நான் கையைக் கழுவிட்டு வீட்டுக்குப் போய் உப்புமா கிண்டினேன்.

அன்னிக்கு அந்த ஃபைல்ல இருந்த எல்லாருக்குமே மூணு மூணாப் போயிருக்கு. நிஜமாவே துக்கம் நடந்த வீடுங்களுக்கும். ஒருத்தர் கிளைக்குப் போன் பண்ணி, "எங்கப்பா எத்தனை தடவைங்க சாவாரு?"ன்னு கேட்டாராம். அதைக் கேட்டப்பவே எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. நாலு சுவத்துக்குள்ளன்னு நெனச்சுட்டே இருந்துட்டேன். சுவத்துல நானே ஒரு ஓட்டை போட்டு அந்தப் பக்கம் கையை நீட்டிட்டு, இன்னும் உள்ளேயே இருக்கறதா நெனச்சுட்டேன் பாருங்க.

நான் நிவேதன்கிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அதுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மீட்டிங்ல இந்த விஷயம் வந்தப்ப அவன் ஒரு வார்த்தை சொல்லல. "நான் அன்னிக்கே சொன்னேனே"ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தான், தப்புப் பண்ணினது அவன்தான்கிற மாதிரி. எனக்கு அவமானம் தாங்கல. வேலையை விட்டுடலாமான்னுகூட யோசிச்சேன். நேத்து வரைக்கும், வெக்கம்னா எனக்கு அதுதான்.

சவரிமுத்துவா? வந்துட்டார், வந்துட்டார். தோணி மாலத்தீவு போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கார். அதுக்குள்ள இங்க எல்லாம் நடந்துபோச்சு. கறுப்புக் கொடி கட்டி, கோயில்ல ஜெபம் சொல்லி, தெருவே திரண்டு வந்து அழுது... உடம்பு இல்லாத துக்கம். அவர் போன் பண்ணினப்ப எடுத்த அம்மாவுக்கு மயக்கமே வந்துடுச்சாம்.

இன்னிக்குக் காலையில நானும் கிளை மேனேஜர் பெரியநாயகமும் பழம், இனிப்பெல்லாம் வாங்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனோம். சின்ன வீடு, சுத்தமா இருந்துச்சு. வெளியிலயே எனக்குப் பயம். செருப்பால அடிப்பாங்களோன்னு. கதவைத் திறந்தது சவரிமுத்துவேதான். ஆள் நல்ல உயரம், வாட்டசாட்டமா இருக்கார். எங்களைப் பார்த்ததும் சிரிச்சாரே பாருங்க!

"வாங்க வாங்க, என்னைக் கொன்ன ஆளுக நீங்கதானா?"ன்னார்.

பெரியநாயகம் சார் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னார். நான் கும்பிட்டேன். "அண்ணே, தப்பு என்னோடதுதான். மன்னிச்சிருங்க"ன்னேன். அழுகையும் வந்துடுச்சு.

"அட, எதுக்கும்மா அழுவுதீக? செத்துப் பார்த்தவன் ஊர்ல எத்தனை பேரு இருக்கான்? எனக்கு யாரு யாரு அழுதாக, யாரு யாரு அழலேன்னு தெரிஞ்சுபோச்சுல்லா? அது லேசுல யாருக்குக் கெடைக்கும்?"ன்னு சொல்லிச் சிரிச்சார்.

என்ன பெருந்தன்மைன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். என் போன் நம்பரை வாங்கி, சம்சாரம் போன்லயும் தன் போன்லயும் "மெட்ராஸ் மேடம்"னு போட்டு வெச்சுக்கிட்டார். மெட்ராஸ் வந்தா பார்க்க வர்றேன்னார். அவங்கம்மா ஓரமா உக்காந்து வெத்தலை இடிச்சுக்கிட்டிருந்தாங்க.

ரெஜினா காப்பி கொண்டு வந்தா. ஒல்லியா, நல்ல களையான முகம். "உங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்மா"ன்னேன். தலையை மட்டும் ஆட்டினா. ஏதோ சொன்னா, வாயைத் திறக்காமலே சொன்னா, எனக்குப் புரியல. ஒரு பக்கத் தாடை லேசா வீங்கியிருந்துச்சு.

நான் என்ன கேட்டேன் தெரியுமாம்மா? "பல்வலியா? ஒரு கிராம்பை அடக்கிக்கோ, சொகமாயிடும்"னேன்.

சவரிமுத்து, "ஆமா, பல்லுதான். சொன்னா கேக்க மாட்டா"ன்னார்.

பெரியநாயகம் சாருக்கு மேலிடத்துக்கு அனுப்ப ஒரு போட்டோ வேணும். குடும்பம் சந்தோஷமா இருக்கு, பிரச்சினை தீர்ந்துச்சுன்னு காட்டணும் இல்லையா? எல்லாரும் நின்னோம். நான் ரெஜினா பக்கத்துல. அவ தோள்ல கையைப் போட்டேன். தோள் வெடுக்குன்னு சுருங்குச்சு. கூச்சம்போலன்னு நெனச்சு இன்னும் நல்லா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, "சிரிம்மா, உன் புருஷன்தான் முழுசா வந்துட்டாரே!"ன்னேன்.

இந்தாங்க, அந்தப் போட்டோ. மேனேஜர் எனக்கும் அனுப்பியிருக்கார். வேண்டாம், இருக்கட்டும், என்னால பார்க்க முடியல.

கிளம்பும்போது சவரிமுத்து மேனேஜரைக் காரு வரைக்கும் வழியனுப்பப் போனார். அவங்கம்மா எச்சில் துப்ப வாசலுக்குப் போனாங்க. நான் டம்ளரை வெக்கப் பின்னால போனேன். ரெஜினா அங்க குழாயடியில நின்னுக்கிட்டிருந்தா. சட்டுனு என் கையைப் பிடிச்சா.

"எக்கா, அதை அனுப்புனது நீங்கதானா?"

"ஆமாம்மா."

"ஒரு மட்டம் அனுப்பிட்டு விட்டிருந்தீகன்னா நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன்க்கா."

எனக்கு ஒண்ணும் புரியல. அவ வாசலைப் பார்த்துக்கிட்டே வேகமாச் சொன்னா. "மொதல்ல வந்தப்ப ஆபீசுல தப்புன்னாக. நம்பிட்டேன். அழக்கூட இல்ல. வீட்டுக்கு வந்து உலையை வச்சேன். திரும்ப வந்துச்சு. என்னைச் சமாதானப்படுத்தத்தான் ஆபீசுல அப்படிச் சொன்னாகளோன்னு நெனச்சேன். சாயங்காலம் இன்னொண்ணு. மூணு மட்டம் சொன்னா மெய்தானக்கா? ஊரே வந்துட்டு. எல்லாரும் அழுதாக. எனக்கு அழுகை வரல. சொல்லிட்டேன்க்கா. இனி என் மேல ஒரு கை படாதுன்னு சொல்லிட்டேன். மாதா எனக்குக் கண்ணத் தொறந்துட்டான்னு, அவுக அம்மைக்கு முன்னால, தெருவுக்கே கேக்க... அவுக போன் பண்ணுத வரைக்கும் நான் நிம்மதியா ஒறங்குனேன்க்கா. கட்டி வந்ததுலேர்ந்து அப்படி ஒறங்குனதில்ல."

குழாய்ல தண்ணி கொட்டிக்கிட்டே இருந்துச்சு.

"வந்ததும் அவுக அம்மை ஒண்ணு விடாம சொல்லிட்டாக. ஏன்க்கா திரும்பத் திரும்ப அனுப்புனீக?"

அதைத்தான் கேட்டா. ஏன் திரும்பத் திரும்ப அனுப்புனீங்கன்னு.

நான் பதில் சொன்னேன்மா. எனக்கு அது ஒண்ணுக்குத்தானே பதில் தெரியும்? "அது வந்தும்மா, எங்க ஓட்டம் பாதியில நின்னா முதல்லேர்ந்து ஓடும். வெளியில போனது போனதுதான்னு எங்க ப்ரோக்ராமுக்குத் தெரியாது. இப்ப ஒவ்வொண்ணுக்கும் தனி எண் போட்டுச் சரி பண்ணிட்டோம். இனிமே ஒரே தடவைதான் வரும்"னேன்.

இனிமே ஒரே தடவைதான் வரும்னு. புருஷன் செத்த சேதி. அவகிட்ட.

அவ என்னைப் பார்த்தா. கோபமெல்லாம் இல்ல. கையை விட்டுட்டா. குழாயை மூடினா. "செரிக்கா"ன்னா. அதுக்குள்ள சவரிமுத்து உள்ள வந்து, "என்ன, ரெண்டு பேரும் ரகசியம் பேசுதீக?"ன்னு சிரிச்சார். "பல்வலிக்கு வைத்தியம் சொல்லிக்கிட்டிருந்தேன்"னேன் நான். எவ்வளவு சுலபமா வந்துச்சு தெரியுமா அந்தப் பொய்? அவளைக் காப்பாத்தச் சொன்னேன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வர்றேன். இல்லம்மா. எனக்குச் சீக்கிரம் அங்கேர்ந்து கிளம்பணும். அதுக்குத்தான் சொன்னேன்.

கார்ல பெரியநாயகம் சார்கிட்ட சொன்னேன். அவர், "அது அவங்க குடும்ப விஷயம் மேடம். நம்ம பிரச்சினை தீர்ந்துச்சு. போட்டோ அருமையா வந்திருக்கு"ன்னார். நானும் ஆமாம்னு தலையாட்டிட்டு பஸ்ஸுல ஏறிட்டேன். எட்டயபுரம் வர்ற வரைக்கும் நிவேதன்கிட்ட எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னுதான் யோசிச்சுட்டு வந்தேன். நம்புவீங்களா? அவ கையைப் பிடிச்ச இடம் இன்னும் ஈரமா இருக்கு, நான் நிவேதனை நெனச்சுட்டு வர்றேன்.

என்ன சொன்னீங்க? ... போலீசா? தெரியலம்மா. அவளுக்கு அது வேணுமான்னு தெரியாம நான் எதைச் செய்ய? அவளுக்குன்னு அம்மா வீடு இருக்கா, போக இடம் இருக்கா, ஒண்ணும் நான் கேக்கல. ஒரு கேள்வி கேக்கலையே அவகிட்ட! கேட்ட ஒரே கேள்வி பல்வலியான்னு.

மகளிர் நம்பரா? என்ன நம்பர்? ... நீங்க வேலை பார்க்கற இடத்துல அதுக்குன்னு ஆள் இருக்காங்களா? தூத்துக்குடியிலயும் இருப்பாங்களா? இருங்க, இருங்க, எழுதிக்கறேன்.

அம்மா, உங்களை ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது. உங்க போன்லேர்ந்து ரெஜினாவுக்கு ஒரு போன் பண்ணித் தர்றீங்களா? என் போன்லேர்ந்து பண்ணினா "மெட்ராஸ் மேடம்"னு வரும், அவர் எடுத்துருவார். மெசேஜ் அனுப்பவும் எனக்குக் கை வரல, யார் கண்ணுல படுமோ. மத்தியானத்துக்கு மேல தோணிக்குச் சாமான் ஏத்தப் போவார்னு பேச்சுல சொன்னார். இப்ப அவ தனியா இருக்கலாம். ஆம்பளை குரல் கேட்டா ராங் நம்பர்னு சொல்லி வெச்சிருங்க. அந்தக் கிழவி எடுத்தாலும் அப்படியே. அவ எடுத்தா எங்கிட்ட குடுங்க.

இந்தாங்க அவ நம்பர், அந்த மெசேஜ் போன அதே நம்பர்தான். எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு.

அடிக்குதா? ...

என்ன சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல பாருங்க. அருப்புக்கோட்டையில இறங்கித் திரும்ப வரட்டுமான்னு கேக்கலாம். ரயில் போனா போகுது. நாளைக்கும் ரயில் இருக்கு.

எடுத்துட்டாங்களா? யாரு? அவளா? குடுங்க, குடுங்க.

ஹலோ. ரெஜினா? நான் குணவதிம்மா, காலையில வந்தேனே... ஆமா, அந்த அக்காதான். பக்கத்துல யாராவது இருக்காங்களா? ... சரி. இல்லம்மா, நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல.

நீ சொல்லு. மெதுவாச் சொல்லு. கேட்டுக்கிட்டிருக்கேன்.